பருவம் பொய்த்த வேனில்: டக்கோட்டாப் புல்வெளி நாவல்கள் இரண்டு

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தார் தொல்காப்பியர். அவ்விரண்டும் கதைக்குத் தீட்டப்பெறும் பின்புலம் அல்ல. உரிப்பொருளாகிய ஒழுக்கம் தோன்றுதற்கு இடனும் ஏதுவும் ஆவன. சங்க அகப்பாடல்களைப் பயிலுங்கால் இவ்வுண்மையை நாம் எளிதில் உணர்கின்றோம். ஆயின், பிறநாட்டு நாவல்களைத் திறனாயும்போது மட்டும் நிலத்தையும் பொழுதையும் ‘வருணனை’ என்னும் தலைப்பின்கீழ் ஒரு பத்தியில் ஒதுக்கிவிட்டு, கதைக்கோப்பு, பாத்திரப் படைப்பு, நடை என மேற்செல்லும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வழக்கம் சில நூல்களின் உயிர்நிலையையே காணவொட்டாமல் மறைத்துவிடும் என்பதை, ஒரே நிலத்தையும் ஒரே ஆண்டின் பருவத்தையும் பொருளாகக் கொண்ட இரண்டு நாவல்களைக் கொண்டு காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவற்றுள் ஒன்று, லாரா இங்கல்சு வைல்டர் 1940-இல் வெளியிட்ட ‘நெடிய குளிர்காலம்’. மற்றொன்று, நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ரோல்வாக், நார்வே மொழியில் 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டு, 1927-இல் ஆங்கிலமாக்கப்பெற்ற ‘மண்ணுலகில் அரக்கர்’. முன்னது சிறுவர் இலக்கியம் என்றும், பின்னது குடியேற்ற இலக்கியம் என்றும் வெவ்வேறு பேழைகளில் வைக்கப்பட்டுள்ளன. அதனால் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார் அரியர். எனினும், 1880-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் தொடங்கி 1881-ஆம் ஆண்டின் வேனில்வரை நீண்ட கொடும்பனி வைல்டரின் நூல் முழுவதற்கும் பொருளாகிறது. ரோல்வாக்கின் நூலோ அப்பனியிலேயே தன் முடிவை அடைகின்றது.

களமும் காலமும்

அமெரிக்க நாட்டில் 1862-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடியேற்ற நிலச்சட்டம், தகுதியுடைய ஒருவர்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. ஐந்து ஆண்டுகள் அந்நிலத்திலேயே வாழ்ந்து பயிரிட்டால் சிறு கட்டணத்தோடு அது அவர்க்கு உரிமையாகும். கணவன், மனைவி, மக்கள் என்னும் ஒரு சிறு குடும்பம், அண்டை வீடு கண்ணுக்கெட்டாத வெளியில், தன் உழைப்பொன்றையே துணையாகக் கொண்டு நிற்கும் வாழ்க்கைமுறை இச்சட்டத்தால் பெருகியது. மரம் அரிதாகிய அப்புல்வெளியில், புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கியோ, மெல்லிய பலகையும் கீல் பூசிய தாளும் கொண்டோ வீடு அமைத்தனர்.

இந்நிலத்தின் வேனில், பெயரளவிலேயே வேனில். வடமுனையிலிருந்து இறங்கும் குளிர்காற்றும், தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஏறும் ஈர வெங்காற்றும் தம்முள் மோதாவண்ணம் தடுக்கும் குறுக்குமலை எதுவும் அந்நாட்டின் நடுவில் இல்லை. ஆதலின் மார்ச்சு முதல் மே வரையுள்ள திங்கள்களில் காலையில் வெயிலும் மாலையில் பனிப்புயலும் வருதல் உண்டு. கல்மழையும் சுழற்காற்றும் உண்டு. மலைபோற் கிடந்த பனி ஒருசேர உருகி வெள்ளமாகப் பெருகுதலும் உண்டு. 1881-ஆம் ஆண்டின் வேனிலில் மிசௌரி ஆறு கரைபுரண்டு, வெர்மில்லியன் என்னும் ஊரின் பெரும்பகுதியை அழித்தது. மக்கள் அருகிருந்த மேட்டின்மேல் ஊரைப் புதிதாக அமைத்துக்கொண்டனர். எனவே, அக்குடிகளுக்கு வேனில் என்பது துன்பத்தின் முடிவு அன்று. துன்பத்தின் கடைசித் தேர்வு என்க.

நெடிய குளிர்காலம் என்னும் பெயரைக் கண்டு, அந்நூலின் முடிச்சுக் குளிர்காலத்தின் நடுவிலே உள்ளது என்று கருதுவோர் பலர். கூர்ந்து நோக்கின் அஃது அவ்வாறன்று. குளிர்காலத்துப் பனி எதிர்பார்க்கப்பட்ட ஒன்று; அதற்கெனப் புல் அறுத்துப் போரிட்டனர்; உணவும் ஓரளவு சேர்த்தனர். இங்கல்சு குடும்பத்தார் தம் பண்ணையிலிருந்த சிறு குடிலை விட்டு டி சுமெட் என்னும் சிற்றூரிலுள்ள தம் கட்டடத்திற் குடிபுகுந்ததும் இம்முன்னறிவின் பயனே. அவர்களை நிலைகலங்கச் செய்வது, முடிய வேண்டிய காலத்தில் பனி முடியாமையே. நாட்காட்டி வேனிலைக் காட்டுகின்றது, வானம் காட்டவில்லை. இருப்புப்பாதையின் வெட்டுகளிற் பனி நிறைந்து இறுகியதால் புகைவண்டி வருவதில்லை. கரி தீர்ந்தது, மண்ணெண்ணெய் தீர்ந்தது, மாவு தீர்ந்தது. கையிருப்பின் அளவும் பருவத்தின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும் அவ்விடமே நாவலின் உயிர்நிலை.

விதையென்னும் வேனில்

இரு நாவலாசிரியரும் இப்பொருந்தாமையைக் காட்டுதற்கு ஒரே பொருளைக் கருவியாக ஆள்கின்றனர். அது விதைக்கோதுமை. இவ்வொற்றுமை இதுகாறும் போதிய அளவு கருதப்படவில்லை.

வைல்டரின் நாவலில், ஆல்மன்சோ என்னும் இளைஞன் தன் விதைக்கோதுமையைப் பொய்ச்சுவர் ஒன்று எழுப்பி அதன் பின்னே மறைத்து வைத்துள்ளான். ஊர் பசித்திருக்கும்போது தானியத்தை மறைத்தல் தீமையன்றோ எனின், அவன் நோக்கு வேறு. இன்று அதனை உண்டால் வேனிலில் விதைக்க ஒன்றுமில்லை. விதையாவிடின் அடுத்த ஆண்டில் அறுவடை இல்லை. இங்கல்சு குடும்பத்தின் தலைவன் அச்சுவரின் மறைவைக் கண்டுகொண்டு, அடைப்பை நீக்கித் தன் வாளியிற் கோதுமையைப் பிடித்துக்கொள்கின்றான். தன் மக்களின் பசியையன்றி வேறெதனையும் அவன் அப்போது எண்ணுவதில்லை. இருவர் செயலிலும் குற்றம் காண இயலாதவாறு ஆசிரியர் இக்காட்சியை அமைத்திருத்தல் பாராட்டத்தக்கது.

இதனை அடுத்து, ஆல்மன்சோவும் கேப் கார்லாந்து என்னும் மற்றோர் இளைஞனும், தொலைவில் கோதுமை வைத்திருப்பதாகக் கேள்வியுற்ற ஒரு குடியானவனைத் தேடிப் பனிவெளியிற் செல்கின்றனர். அவனைக் கண்டபின் தெரிவது யாது? அவனிடம் உள்ளதும் விதைக்கோதுமையே! தன் விதையைக் காத்தற்பொருட்டுப் பிறனொருவன் விதையை விலைக்குக் கேட்கும் நிலையில் ஆல்மன்சோ நிற்கின்றான். புசல் ஒன்றுக்கு ஒன்றேகால் டாலர் என்ற விலைக்கு அவனை இசைவிக்கின்றான். வணிகனோ அதனை மூன்று டாலருக்கு விற்க முனைய, ஊரார் திரண்டு அறமுரைத்து அடக்கவிலைக்கே பெறுகின்றனர். ஒரு வேனிலை உண்டு மற்றொரு வேனிலைக் காத்த நிகழ்ச்சி இது.

தமிழ்நூல் பயின்றார்க்கு இவ்விடத்துச் சேக்கிழார் காட்டும் இளையான்குடி மாறனார் நினைவுக்கு வருதல் இயல்பு. அன்று வயலில் வித்திய முளைநெல்லை இரவின் மழையில் வாரிக்கொணர்ந்து அடியார்க்கு அமுதாக்கியவர் அவர். ஆண்டு, வருங்காலத்தின் உணவை இன்றைய விருந்துக்கு ஈவது அன்பின் எல்லையாகக் காட்டப்பட்டது. ஈண்டு, வருங்காலத்தைக் காத்தலும் இன்றைய பசியைத் தீர்த்தலும் ஆகிய இரண்டு கடமைகள் தம்முள் மோதுகின்றன. நோக்கம் வேறாயினும், வித்தை உண்பது உழவர்க்கு உயிரின் இறுதி எல்லை என்னும் உணர்வு இரு நாட்டார்க்கும் ஒன்றே.

ரோல்வாக்கின் நாவலில் விதை வேறொரு வகையில் வருகின்றது. தலைவனாகிய பெர் ஆன்சா ஆர்வமே உருவானவன். வெயில் சில நாள் அடித்தவுடன், அண்டை அயலார் பொறுத்திருக்க, அவன் முந்திக் கோதுமையை விதைத்துவிடுகின்றான். அதன்பின் பனி பெய்து நிலத்தை மூடுகின்றது. விதையனைத்தும் அழிந்தது என்று எண்ணி அவன் நெஞ்சுடைகின்றான். பின்னர் நிலம் பசுமை பூத்து முளைவிட்டிருத்தலைக் காணும்போது அவன் கொள்ளும் உவகை நாவலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. உழவியல் அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை: கோதுமை குறைந்த வெப்பத்திலும் முளைக்கும், இளம்பயிரின் வளர்நுனி மண்ணுக்குட் கிடத்தலால் மேற்பனி அதனை எளிதிற் கொல்வதில்லை. ஆனால் கடல்தொழில் செய்து பழகி, புல்வெளி மண்ணுக்குப் புதியவனாகிய பெர் ஆன்சாவுக்கு அது தெரியாது. தெரியாமையால் துன்பமும், தெரியாமலே வந்த வெற்றியால் செருக்கும் அவனுக்கு உண்டாகின்றன. வேனிலை வென்றுவிட்டோம் என்னும் இச்செருக்கே, பின்னர்ப் பனிப்புயலில் அவன் துணிந்து இறங்குதற்கு வித்தாகின்றது. இவ்வாறு விதைப்பு நிகழ்ச்சியையும் நாவலின் முடிவையும் இணைத்துக் காணுதல், முடிவு திடீரென வந்தது என்று கூறுவார்க்கு விடையாகும்.

பருவமும் வரவும்

அகப்பாடல்களில், கார்காலத்து மீள்வேன் என்று கூறிப் பிரிந்த தலைவன் கார் வந்தும் வாரானாக, ஆற்றாத தலைவியைத் தோழி தேற்றும் துறை ஒன்று உண்டு. இது பருவம் அன்று. காலமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கண்டு கொன்றை அறியாது பூத்தது என்று அவள் படைத்துமொழிவாள். வந்த பருவத்தை வாராப் பருவமென்று மறுத்து, அதனால் நம்பிக்கையைக் காப்பது அத்துறையின் நுட்பம்.

வைல்டரின் நாவலில் இந்நிலை தலைகீழாகின்றது. இங்குப் பிரிந்து சென்றார் எவரும் இலர். தந்தை, தாய், கண்ணிழந்த மூத்தமகள் மேரி, லாரா, இளையோர் இருவர் என அனைவரும் ஓர் அடுப்பைச் சூழ்ந்து ஓர் அறையில் உள்ளனர். பிரிந்து சென்றது பருவமே. தலைவன் நிற்க வேண்டிய இடத்தில் வேனில் நிற்கின்றது. அதன் வரவை நோக்கி ஆற்றியிருத்தலே அக்குடும்பத்தின் ஒழுக்கம். முல்லைக்கு உரிப்பொருளாகிய இருத்தல் செயலற்று இருத்தல் அன்று. இல்லறக் கடன்களைப் பிழையாது ஆற்றிக்கொண்டே இருத்தல். அதனையே இந்நாவல் பக்கந்தோறும் காட்டுகின்றது. விறகும் கரியும் இன்மையால், போரிலிருந்த உலர்புல்லைப் புரியாக முறுக்கி முடிந்து எரிக்கின்றனர். மாவு இன்மையால், காப்பிக்கொட்டை அரைக்கும் சிறு கைப்பொறியில் கோதுமையை ஒருவர் மாற்றி ஒருவர் அரைக்கின்றனர். விளக்கெண்ணெய் இன்மையால், தாய் ஒரு பொத்தானைத் துணியிற் சுற்றி, வண்டியச்சுக்கு இடும் மசகில் நிறுத்தி விளக்காக்குகின்றாள். பார்வையற்ற மேரியும் அரைத்தலிற் பங்கு கொள்கின்றாள். ஒரே செயல் மீண்டும் மீண்டும் கூறப்படுதல் சலிப்பூட்டுகின்றது என்று குறைகூறுவார் உளர். அச்சலிப்பே அவ்வாழ்க்கையின் உண்மை. அரைக்கும் பொறி நிற்குமாயின் உணவு நிற்கும். கூறியது கூறல் இவ்விடத்துக் குற்றமன்று, குணமே.

இவ்விருத்தலின் முடிவில், ஓர் இரவு லாரா காற்றின் ஒலி மாறியிருத்தலைக் கேட்டு விழிக்கின்றாள். சினூக் எனப்படும் வெங்காற்று வீசுகின்றது. கூரையிலிருந்து நீர் சொட்டுகின்றது. தேர்மணியின் ஒலி கேட்ட தலைவியின் உவகை ஈண்டு ஒரு சிறுமியின் உவகையாகின்றது. ஆயினும் வேனில் வந்தவுடன் உணவு வந்துவிடவில்லை. இருப்புப்பாதை சீராகும்வரை இன்னும் காத்திருத்தல் வேண்டும். மே திங்களில் வண்டி வந்தபின்பே, மறைத்திரு ஆல்டன் கிறித்துமசுக்கென அனுப்பிய பொருட்பேழை கைக்குக் கிடைக்கின்றது. அதனுள் இருந்த வான்கோழி இன்னும் உறைந்தே இருக்கின்றது. குடும்பத்தார் அண்டையில் வாழும் நண்பரை அழைத்து, மே திங்களில் கிறித்துமசு விழாக் கொண்டாடுகின்றனர். குளிரால் விரல் விறைத்து யாழினமாகிய பிடிலை வாசிக்க இயலாதிருந்த தந்தை மீண்டும் இசைக்கின்றார். நாட்காட்டி பொய்த்தபோது அதனைப் பொருட்படுத்தாது, விழாவையே பருவத்திற்கேற்ப மாற்றிக்கொண்ட மனவுறுதி இது. பருவம் அன்றென்று தோழி கூறிய பொய்ம்மொழிக்கும் இவ்விழாவுக்கும் உள்ளார்ந்த உறவு உண்டு: இரண்டும் காலத்தை மனம் திருத்திக்கொள்ளும் முயற்சிகள்.

ரோல்வாக் இதே வேனிலை வேறுவிதமாக முடிக்கின்றார். பனிப்புயலிற் கால்நடைகளைக் காக்க முயன்று நோயுற்ற ஆன்சு ஓல்சா, இறக்குமுன் சமயகுருவைக் காண விழைகின்றான். பெர் ஆன்சாவின் மனைவி பெரெட், சமயவுணர்வு மிக்கவள். குருவை அழைத்துவருமாறு கணவனைத் தூண்டுகின்றாள். அவன் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பூண்டு புறப்படுகின்றான். அதன்பின் மே திங்களில், பழைய வைக்கோற்போர் ஒன்றன் அருகே, மேற்கு நோக்கி அமர்ந்த நிலையில் அவன் உடலைச் சிறுவர் காண்கின்றனர். இங்குப் பருவம் வந்தது, தலைவன் வரவில்லை. வேனிலின் வெயில் அவன் இறப்பைப் புலப்படுத்தும் கருவியாகிறது. ஒரு குடும்பத்துக்கு உணவும் இசையும் கொணர்ந்த அதே மே திங்கள், மற்றொரு குடும்பத்துக்குக் கைம்மையைக் கொணர்கின்றது. வைக்கோலும் அவ்வாறே: வைல்டரிடத்தில் அது புரியாகி உயிரைக் காக்கும் நெருப்பு, ரோல்வாக்கிடத்தில் இறந்தவன் முதுகுக்குச் சார்பு.

விடப்பட்டோர்

இவ்வளவும் வைல்டரின் கலைத்திறத்துக்குச் சான்று. ஆயின் திறனாய்வு பாராட்டோடு அமைதல் ஆகாது. ஏறத்தாழ 1930-இல் வைல்டர் எழுதிய தன்வரலாறு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 2014-இல்தான் விரிவான குறிப்புகளுடன் வெளிவந்தது. அதனால் ஓர் உண்மை பலரும் அறிய வெளிப்பட்டது. அக்குளிர்காலத்தில் இங்கல்சு வீட்டில் அக்குடும்பத்தார் மட்டும் இருந்திலர். மாசுடர்சு என்னும் இளந்தம்பதியரும் அவர்தம் கைக்குழந்தையும் உடனிருந்தனர். அவர்கள் உழைப்பிற் பங்குகொள்ளாது இருந்தனர் என்பது வைல்டரின் மனக்குறை. நாவலில் அவர்களை அவர் முற்றும் நீக்கிவிட்டார்.

நாவலாசிரியர்க்கு நீக்கும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நீக்கத்தால் நேர்ந்த பொருள்மாற்றத்தைக் கருதுதல் நம் கடன். நெருங்கிய ஓர் அறையில் வேண்டா விருந்தினரோடு உணவைப் பகிர்ந்து வாழ்தல், குளிரினும் கொடிய தேர்வு. அதனை நீக்கியதால், ஒரு சிறு குடும்பம் தன்னொற்றுமையால் தானே தப்பியது என்னும் தூய சித்திரம் கிடைத்தது. மனித உறவின் கரடுமுரடு மறைந்தது. பெரெட்டின் மனப்பிறழ்வையும், கணவன் மனைவியரிடையே வளர்ந்த இடைவெளியையும் மறைக்காது காட்டிய ரோல்வாக், இவ்வகையில் வைல்டரினும் துணிவுடையவர்.

அன்றியும், தற்சார்பு என்னும் அச்சித்திரத்தை நாவலின் நிகழ்ச்சிகளே மறுக்கின்றன. குடும்பத்தைக் காத்தது பிறர் கொணர்ந்த கோதுமை. அதனை உரிய விலைக்குப் பெற்றுத் தந்தது ஊரார் ஒற்றுமை. இறுதியிற் காத்தது இருப்புப்பாதை. எல்லாவற்றுக்கும் முன்னதாக, இலையுதிர்காலத்தில் கடைக்கு வந்து கொடும்பனி வருமென்று எச்சரித்தவர் முதியவராகிய ஒரு செவ்விந்தியர். அம்மண்ணின் பருவத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர் அவர் இனத்தார்; 160 ஏக்கராகப் பகுத்து வழங்கப்பட்ட நிலமும் அவர் இனத்தார் இழந்த நிலமே. அவர் அறிவு கதைக்குத் தேவைப்பட்டது. அவரோ ஒரு காட்சியில் தோன்றி மறைகின்றார். வைல்டரின் நூல்களில் அமெரிக்கப் பழங்குடியினரும் கறுப்பரும் சித்திரிக்கப்பட்ட முறை பற்றி எழுந்த வாதங்களின் விளைவாக, அவர் பெயரால் 1954 முதல் வழங்கப்பெற்ற சிறுவர் இலக்கிய விருதின் பெயரை 2018-இல் அமெரிக்க நூலகச் சங்கப் பிரிவொன்று மாற்றியது. விருதின் பெயர் எதுவாயினும், நூலைக் கற்போர் அவ்வெச்சரிக்கைக் காட்சியைக் கடந்து செல்லுதல் தகாது.

முடிவுரை

அயல்நாட்டு நாவலுக்குத் திணைக்கோட்பாட்டைப் பொருத்துதல் வலிந்து செய்வது என்று கூறுவார் இருக்கலாம். இந்நாவல்கள் முல்லைத்திணை என்று கூறுதல் நம் கருத்தன்று. டக்கோட்டாப் புல்வெளிக்குக் கொன்றையும் இல்லை, மாயோனும் இல்லை. பொழுது, ஒழுக்கத்துக்கு ஏது ஆகும் என்னும் நெறியை மட்டும் அளவுகோலாகக் கொண்டோம். அவ்வளவுகோல் இன்றி நோக்கின், வைல்டரின் நூல் பனியைப் பற்றிய சிறுவர் கதையாகவும், ரோல்வாக்கின் முடிவு கொடிய தற்செயலாகவும் தோன்றும். அதனைக் கொண்டு நோக்கினோ, வாராத வேனிலை எதிர்நோக்கிய இல்வாழ்க்கையின் இரு முடிபுகளாக அவை விளங்குகின்றன.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஒருசொல் விடை இல்லை. கொடும்பருவத்தை எவ்வெச் செயல்களாற் கடந்தனர் என்பதை அறிய வேண்டின் வைல்டரையே நாட வேண்டும். புரி முறுக்கும் கையையும் அரைக்கும் கையையும் அவரைப்போற் காட்டியவர் இலர். அவ்வாறு கடந்ததற்கு எவரெவர் என்ன விலை கொடுத்தனர் என்பதை அறிய வேண்டின் ரோல்வாக்கை நாட வேண்டும். முதுகலை மாணவர் ஒன்றைப் பயின்று மற்றொன்றை விடுவராயின், 1881-ஆம் ஆண்டின் அவ்வேனிலைப் பாதியே அறிந்தவராவர்.